கை நனைக்காமல் எழுந்த ஞாயிற்றுக்கிழமை

தம்பி, நம் பங்குக் கோயிலின் மாதப் பத்திரிகையில், ஞானஸ்நானப் படங்களுக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் உன் அப்பாவின் எழுத்தைக் கண்டு நீ திடுக்கிடுவாய். பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, மொன்றியலில் நம் கோயிலுக்கு வருகிற சனத்துக்கு இது யார் என்று இரண்டாவது பந்தி முடியமுன் விளங்கிவிடும். விளங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் கைத்தொலைபேசிக்குப் பதினொரு தரம் எடுத்துப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. உன் புது வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகை இந்த ஞாயிறு பூசை முடிய வாசலில் கொடுபடும். அடுத்த சனிக்கிழமை உனக்குக் கலியாணம். எங்களுக்கு அழைப்பு இல்லை. இடையில் ஆறு நாள் இருக்கிறது. அந்த ஆறு நாளுக்குள் நீ இதை வாசித்தாக வேண்டும், வாசித்து முடிக்கும்வரை கசக்கி எறியாமலும் இருக்க வேண்டும். வேறு வழி எல்லாவற்றையும் நானே அடைத்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்கமாட்டாய். உனக்கு முதல் சம்பளம் வந்திருந்தது. நம் குடும்பம் என்றால் மூன்று பேர்தான். அந்த மூன்று பேரும் வெளியில் போய்ச் சாப்பிடுவது என்றால் யாருக்காவது நேர்த்தி நிறைவேறியிருக்க வேண்டும், அல்லது வீட்டில் காஸ் அடுப்பு பழுதாகியிருக்க வேண்டும். நீ சீனச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போவாய் என்று நினைத்து நான் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. நீயோ ஹவாய்ச் சாப்பாடு என்றாய். ஹவாய் எங்கே கிடக்கிறது என்று அம்மா கேட்டாள். எரிமலை வெடிக்கிற இடம், அங்கே கல்லைத்தான் சுட்டுத் தின்பார்கள் என்று நான் பகிடி விட்டேன். கார்ட்டியர்வில்லில் இருந்து கோட்-டெ-நெய்ஜ் வரை பஸ்ஸிலும் மெற்றோவிலும் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். அம்மாவின் முழங்காலுக்காக மெற்றோப் படிகளில் ஒவ்வொரு படியாய் நின்று நின்று இறங்கினாய். அவ்வளவு சந்தோசமாக உன்னை நான் அதற்கு முன் கண்டதில்லை. காரணம் கேட்கும் புத்தி எனக்கு வரவில்லை.

கடை பெரிதில்லை. பல்கலைக்கழகப் பெடியங்கள் வரிசையில் நின்று கடதாசித் தட்டில் வாங்கிக்கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் மேசையில் இருந்து சாப்பிடுகிற இடம். ஐஸ்கிரீம் அள்ளுகிற கரண்டியால் அள்ளி வைத்த இரண்டு உருண்டை வெள்ளைச் சோறு, பக்கத்தில் மயோனைஸ் போட்டுக் குளிர வைத்த மக்கறோனி, மற்றப் பக்கத்தில் நார் நாராய்ப் பிய்த்த உப்புப் பன்றி இறைச்சி. எனக்கு அரைத்த இறைச்சியைத் தட்டிச் சுட்ட துண்டின் மேல் முட்டை பொரித்துப் போட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். சோற்றைக் கண்டதும் அம்மாவின் முகம் தெளிந்தது. வெள்ளைக்காரன் கடையில் இப்படிச் சோறு கிடைக்கிறதே என்றாள். காசு வாங்கிய பிள்ளை தமிழில் “வாங்கோ” என்றாள். நம் பிள்ளை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்து மேசையில் நம் கோயில் சனம் ஒரு குடும்பம் இருந்தது, எங்களைக் கண்டு கை காட்டினார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து சமையல்காரர் ஏப்பிரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரும் தமிழர். ஹவாய்க்காரக் கிழவனிடம் கோப்பை கழுவ வந்து, அவர் கை பார்த்துச் சமையல் பழகி, கிழவனுக்கு நெஞ்சு வருத்தம் வந்தபின் கடையையே பொறுப்பெடுத்து நடத்துகிறவர். “வாங்கோ அண்ணை. முதல் சாப்பிடுங்கோ, பேந்து ஆறுதலாக் கதைப்பம்” என்றார்.

எனக்கு ஆறுதலாகக் கதைக்கத் தெரியாது. வாயில் வைக்கமுதல் விசாரிக்கத் தொடங்கினேன். ஊரில் எவடம் என்றேன். சொன்னார். அந்த ஊரில் எந்தக் கோயில் பங்கு என்றேன். இந்தக் கேள்வி இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பக்திக் கேள்வி மாதிரித்தான் தெரியும். நாங்கள் சாதியைச் சாதி என்று கேட்கமாட்டோம், நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள் அல்லவா. கோயிலின் பெயரைக் கேட்போம். எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் எடுத்தவன் என்று தெரிந்தால் பூசையில் எந்த வரிசை வாங்கில் இருந்தவன் என்று தெரியும், எங்கள் வீடுகளில் எந்த வாசல்வரை வந்தவன் என்றும் தெரியும். அவர் கோயிலின் பெயரைச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கேள்வி புதிதில்லை. அதே நேரம் நீ எழுந்து காசு மேசையில் நின்ற பிள்ளையைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினாய். “அப்பா, இது மெரீனா. இவர் அவளின்ர அப்பா. நாங்கள் ரெண்டு பேரும் கலியாணம் கட்டப்போறம்” என்றாய். உன் காது இரண்டும் சிவந்திருந்தன.

சம்மதமில்லாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நம்மவர் முறை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் ஒரு வாய் சோறு சாப்பிட்டால் சரி என்று சொன்னதாக ஆகிவிடும். அதனால் பிடிக்காத இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழும்பிவிடுவார்கள். அது ஒரு கடை. அங்கே கையாலா சாப்பிட்டோம், பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டி. ஆனாலும் என் மண்டைக்குள் அந்த முறைதான் முதலில் வந்து நின்றது. நான் கரண்டியை வைத்துவிட்டுத் தட்டை மேசையின் நடுவுக்குத் தள்ளினேன். அம்மாவைப் பார்த்து “வையும், எழும்பும்” என்றேன். அவள் வைத்தாள். அந்த மனுசனுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். விளங்கியும் எனக்கு ஒரு கதவு திறந்து விட்டார். “உறைப்புக் காணாதோ அண்ணை? உள்ளுக்குச் சம்பல் கிடக்கு, கொண்டுவாறன்” என்றார். நான், “வேண்டாம். நாங்கள் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள். நீர் போய் வேலையைப் பாரும்” என்றேன். ஊர் கேட்கும்வரை ‘நீங்கள்’ என்று கதைத்தவன், கோயில் தெரிந்ததும் ‘நீர்’ என்று இறங்கிவிட்டேன். பக்கத்து மேசையில் சாப்பாடு நின்றுபோயிருந்தது. மெரீனா தன் தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளை எடுத்தாள்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், இதைச் சொல்லத்தான் எனக்குக் கூசுகிறது. அவர் ஹவாய்க்காரனாய் இருந்திருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன். சீனனாய், வியட்நாம்காரனாய், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரனாய் இருந்திருந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கத்திவிட்டு, காலம் மாறிவிட்டது என்று நாலு பேருக்குப் பெருமையும் அடித்திருப்பேன். என் மொழி கதைத்து, என் வேதத்தை வணங்கி, என்னைப்போலவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவன் என்பதால்தான் அவர் கைச் சோறு எனக்கு ஆகாமல் போனது. இதைவிடக் கேவலமான கணக்கு உலகத்தில் இருக்கிறதா என்று நினைத்துப் பார்க்கிறேன். இருபது வருடமாக நான் ஆஸ்பத்திரியில் ஓடலியாக வேலை செய்தேன். கட்டில் தள்ளினேன், மலச்சட்டி கழுவினேன், எத்தனையோ சாதிசனத்தின் பிணத்தைத் துடைத்துத் துணி சுற்றினேன். ஒருவரிடமும் எந்தக் கோயில் என்று கேட்டதில்லை. வேலை முடிந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதே கையால் சாப்பிட்டேன். அது சம்பளத்துக்குச் செய்தது. சும்மா கிடைத்த ஒரு தட்டுச் சோற்றுக்கு முன்னால்தான் என் சாயம் வெளுத்தது.

அன்று கடைக்கு வெளியே றோட்டில் வைத்து நீ என்னைக் கேட்ட கேள்வியை நான் யாருக்கும் சொன்னதில்லை. “நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்?” என்றாய். எனக்கு உடனே நினைவு வந்தது. அப்போது உனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் இந்தியாவைப் பற்றி ஏதோ படிப்பித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, அப்பா நாங்கள் என்ன சாதி என்று பிரெஞ்சில் கேட்டாய். நான் உன்னை மடியில் இருத்தி, அந்த அழுக்கையெல்லாம் வரும்போது கடலில் போட்டுவிட்டு வந்தோம் மகனே, இங்கே அது இல்லை என்றேன். நல்ல தகப்பன் மாதிரி இருந்தது. அம்மாகூட அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சொல்லை நம்பித்தான் நீ முன்கூட்டி ஒன்றும் சொல்லாமல், ஆயத்தம் செய்யாமல், என்னை நேராக அந்த மேசைக்குக் கூட்டிப் போனாய். அப்பாவிடம் இதற்கெல்லாம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று நினைத்தாய். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். நான் பெற்ற பிள்ளைக்கும் சேர்த்தே பொய்யாக உபதேசம் செய்திருக்கிறேன். உனக்குப் பிள்ளைகள் பிறந்து கேட்டால், உங்கள் தாத்தாவிடம் அது இருந்தது என்று உள்ளதைச் சொல். இல்லை என்று மூடிவைத்தால் அது உள்ளேயே கிடந்து பழுக்கிறது. இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று சொல்ல எனக்கு யோக்கியதை உள்ளது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிறோடு நீ வீட்டை விட்டுப் போன பிறகு நான் செய்தது அதைவிட மோசம். கோயிலில் கேட்டவர்களுக்கு மகன் றொறன்ரோவில் வேலை என்றேன். நீ முதல் மாதத்தில் நாலு தரம் வீட்டுக்கு எடுத்தாய். நான்தான் ரிசீவரை எடுத்தேன், உன் குரல் கேட்டதும் வைத்தேன். யார் என்று அம்மா கேட்டால் பிழையான இலக்கம் என்றேன். பிறகு, டெலிபோனுக்குப் பக்கத்துச் சுவரில் உன் இலக்கம் எழுதி ஒட்டியிருந்த துண்டைக் கிழித்து எறிந்தேன். மகன் நம்பரை மாற்றிப்போட்டான் என்று அவளிடம் சொன்னேன். இலக்கம் எனக்குப் பாடமாகத் தெரியும். அவளுக்கு அந்தத் துண்டைப் பார்த்துத்தான் எடுக்கத் தெரியும். அதனால் உன் அம்மா இரண்டு வருடமாக, தான் பெற்ற பிள்ளை தன்னையும் வேண்டாம் என்று விட்டுவிட்டான் என்றே நினைத்திருந்தாள். உன் பிறந்தநாளில் கேக் அடித்து வைத்துவிட்டு, யாரோ வரப்போவதுபோல யன்னலடியில் இருந்தாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன், தம்பி. உண்மையைச் சொல்ல எத்தனையோ நாள் வாய் எடுத்தேன். சொன்னால் அவள் என்னையும் விட்டுவிடுவாள் என்ற பயம். நீ அம்மாவைக் கோபித்திருந்தால் அந்தக் கோபம் முழுவதும் எனக்கு உரியது.

மூன்று கிழமைக்கு முன் பூசை முடியும் நேரத்தில் சுவாமியார் கலியாண ஓலை வாசித்தார். முதலில் வேறு யாரோ. இரண்டாவதாக உன் பெயர், அதன்பின் இன்னாரின் மகன் என்று என் பெயரும் அம்மாவின் பெயரும், பிறகு மெரீனாவின் பெயர், அவள் தாய் தகப்பன் பெயர். இவர்களுடைய திருமணத்துக்கு ஏதும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று வாசித்து முடித்தார். எனக்குத் தெரிந்த ஒரே தடை அந்த வாங்கில் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தது. முன் வரிசைகளில் தலைகள் திரும்பின. றொறன்ரோவில் இருக்கிற மகனுக்கு மொன்றியலில் கலியாணம் என்று பெற்றவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கையில் இருந்த செபமாலையைக் கைப்பைக்குள் போட்டு, பையைப் பூட்டி, மடியில் வைத்துக்கொண்டாள். அன்று வீட்டில் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன், இலக்கத்தைக் கிழித்ததையும் சொன்னேன். அவள் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன்.

மறுநாள் நான் தனிய அந்தக் கடைக்குப் போனேன். பின்னேரம் மூன்று மணி. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவரே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சோற்று உருண்டை இரண்டையும் குழம்போடு, மக்கறோனியோடு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவர் வைத்த தண்ணீரையும் குடித்தேன். நல்ல சாப்பாடு, தம்பி. இரண்டு வருடத்துக்கு முன் பசியோடு இருந்தபோது சாப்பிட்டிருக்க வேண்டிய சாப்பாடு. முடிந்ததும் எழுந்து நின்று, அன்றைக்கு நடந்ததுக்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “ஐயா, அண்டைக்குக் கடை நிறையச் சனம். என்ர பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டவள். இண்டைக்கு நீங்களும் நானும் மட்டுந்தான். நீங்கள் சாப்பிட்டனீங்கள் எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது?” என்றார். முதல் நாள் அண்ணை என்றவர் ஐயா என்றார். ஊரில் அவருடைய ஆட்கள் எங்கள் ஆட்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு மெற்றோவில் வந்தபோது என் தரிப்பிடத்தில் இறங்க மறந்து கடைசிவரை போனேன்.

அதனால்தான் இதைப் பத்திரிகையில் போடச் சொல்லிச் சுவாமியாரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, வீட்டு விசயத்தை வீட்டுக்குள் வைத்தால் என்ன என்று கேட்டார். நான் அவமதித்தது நாலு பேர் முன்னால் சுவாமி, மன்னிப்பு மட்டும் எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறது என்றேன். அருளப்பு அண்ணை, இது உங்களுக்கும்தான். பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். நீங்கள் போட்ட சோற்றைச் சாதி பார்த்துத் தள்ளினேன். மெரீனா, பிள்ளை, உன் தகப்பனை உன் கண்ணுக்கு முன்னால் சிறுமைப்படுத்தினேன். இதை வாசிக்கிற சனமே, நீங்கள் அன்று பக்கத்து மேசையில் இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், இது உங்களுக்குத் தெரியவேண்டும். வாசித்துவிட்டு என்னோடு கதைக்காமல் விடுகிறவர்கள் விடட்டும். இவன் வெளியில் சொல்லிவிட்டானே என்பதற்காக மட்டும் சிலர் கோபிப்பீர்கள், அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், நேற்றுவரை நானும் அந்தக் கூட்டம்.

தம்பி, என்னைக் கலியாணத்துக்குக் கூப்பிடு என்று நான் கேட்கவில்லை. கேட்க ஆசை இருக்கிறது, இரவும் பகலும் அதே நினைவுதான், ஆனால் கேட்கமாட்டேன். கேட்பது அம்மாவுக்காக. சனிக்கிழமை அவளைப் பஸ்ஸில் கூட்டிவந்து கோயில் வாசலில் விடுவேன். முழங்கால் இப்போது இன்னும் மோசம், படி ஏற ஒரு கை வேண்டும். யாரையாவது அனுப்பு. நீ வந்தால் இன்னும் நல்லது. நான் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பேன், நீ திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அவள் வருகிறது என் ஆளாக இல்லை. அன்று ஓலை வாசித்துவிட்டு வந்து நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவள் அழவில்லை, திட்டவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துகொண்டு சொன்னாள்: “நீங்கள் ‘வையும்’ எண்டு சொல்ல முந்தியே நான் ஒரு வாய் விழுங்கிப்போட்டன். ரெண்டு வருசமா உங்களுக்குச் சொல்லேல்லை. நான் அந்த வீட்டிலை கை நனைச்சனான். என்ர சம்மதம் அண்டைக்கே குடுத்தாச்சு.”

இப்படிக்கு,
தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கப்போகும்
உன் அப்பா